வேகம் காட்டும் துப்பாக்கியும் சிறுவர் முழங்கையும்

நம் சங்கத்து உறுப்பினர்களில், மகனோ மகளோ அமெரிக்காவில் இல்லாத வீடு இன்று குறைவு. அங்கே போய்வந்தவர்கள் நயாகரா அருவியைப் பற்றியும் பிட்ஸ்பர்க் வேங்கடாசலபதி கோயிலைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. அமெரிக்கச் சிற்றூர்களில் சனிக்கிழமை காலைகளில் சிறுவர்கள் பேஸ்பால் ஆடும் மைதானங்களுக்குப் போனால், வலைக்குப் பின்னால் நாலைந்து அப்பாக்கள் கையில் துப்பாக்கி போன்ற ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பந்தை எறியும் பையனை நோக்கி அதை நீட்டுவார்கள். பந்து வந்து சேர்ந்ததும் அதன் முதுகில் ஓர் எண் ஒளிரும். 54, 57, 61 என்று. அந்த எண்ணைப் பார்த்து ஓர் அப்பாவின் முகம் மலரும். இன்னொருவர் முகம் சுண்டிவிடும். எறிந்த பையனும் அடுத்த பந்துக்கு முன்னால் ஒரு தடவை அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்வான்.

இதற்குப் பெயர் ராடார் துப்பாக்கி. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், கருவி என்றால் அது எப்படி அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் பேரனுக்கு வயது பன்னிரண்டு. ஓஹையோ மாநிலத்தில் அவன் தன் ஊர் அணியில் பந்து எறிகிறவன். அவனால்தான் இந்த விஷயத்துக்குள் நானும் இறங்க நேர்ந்தது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் முழங்கையை மடக்கி நீட்டி எறியக்கூடாது. பேஸ்பாலில் மடக்கித்தான் எறிய வேண்டும். பந்து தரையில் படாமல் நேரே அடிப்பவரிடம் போகும். எறிகிறவரைப் பிட்சர் என்பார்கள். அடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். ஐந்து கோணமுள்ள வெள்ளைத் தட்டு ஒன்று அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதிக்கப்பட்டிருக்கும். பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். பன்னிரண்டு வயது வரை உள்ள சிறுவர்களின் லிட்டில் லீக் ஆட்டத்தில் 46 அடி. பந்தின் எடை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். 142 முதல் 149 கிராம் வரை.

ரயில் விசிலும் ராடாரும்

தண்டவாளத்தின் அருகே நிற்கிறோம். எக்ஸ்பிரஸ் ஒன்று விசில் ஊதிக்கொண்டே நம்மைக் கடந்து போகிறது. நெருங்கி வரும்போது கூர்மையாக ஒலித்த விசில், கடந்த அந்தக் கணமே கனத்து இறங்கிவிடுகிறது. இதை எல்லோரும் கேட்டிருப்போம். ஒலியோ ஒளியோ எந்த அலையானாலும், அதை எழுப்பும் பொருள் நகர்ந்தால் நமக்கு வந்து சேரும் அதிர்வெண் மாறும் என்று கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் பிராக் நகரில் எடுத்துரைத்தார். அவர் பேசியது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. அதைத் தரையில் சோதித்துக் காட்டியது ரயில்தான். 1845-ல் ஹாலந்து நாட்டில் பைஸ் பாலோட் என்ற விஞ்ஞானி, உட்ரெக்ட் அருகே ரயில் எஞ்சின் இழுத்த வண்டியில் ஊதுகருவிக் கலைஞர்களை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். சுரஞானம் மிக்க வேறு சிலரைத் தண்டவாள ஓரம் நிற்க வைத்துக் கேட்கச் சொன்னார். வண்டி நெருங்கும்போது சுரம் ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்டது. ரயில்வேக்காரன் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

ராடார் துப்பாக்கி செய்வதும் இதுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளை அது பந்தின் மீது அனுப்புகிறது. பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியிருக்கும். அனுப்பியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி கண்டுபிடித்து வேகமாக மாற்றிச் சொல்கிறது. 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டால், பந்தின் வேகத்தில் ஒவ்வொரு மைலுக்கும் சுமார் 72 அதிர்வுகள் வித்தியாசம் வரும். மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து வந்தால் வித்தியாசம் 4,300 சொச்சம். இது நம் காதுக்கே கேட்கக்கூடிய அதிர்வெண். அதனால்தான் பழைய கருவிகளைச் சோதிக்கப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவையே போதுமானதாக இருந்தது. கவையைத் தட்டித் துப்பாக்கிக்கு முன் பிடித்தால், அதில் பொறித்திருக்கும் வேகத்தைக் கருவி சரியாகக் காட்ட வேண்டும்.

எங்கள் மார்ஷலிங் யார்டுகளிலும் இதே வேலையை ராடார் செய்ததுண்டு. ஹம்ப் என்கிற மேட்டின் உச்சியில் கழற்றிவிடப்படும் வேகன் தானாக உருண்டு சரிவில் இறங்கும். கீழே நிற்கும் வேகன்களோடு அது மெல்ல ஒட்ட வேண்டும்; மோதக் கூடாது. வேகத்தை ராடார் அளந்து சொல்ல, ரிடார்டர் என்ற பிடிப்பான் சக்கரங்களைக் கவ்வி வேகத்தைக் குறைக்கும். அங்கே ராடார் சொல்லும் எண்ணைக் கேட்டு, இருக்கிற வேகத்தை அடக்குவோம். பேஸ்பால் மைதானத்தில் அதே எண்ணைக் கேட்டு, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று பையனை விரட்டுகிறார்கள். கருவி ஒன்றுதான், கேட்கிற கேள்விதான் வேறு.

துப்பாக்கி வருமுன்

பந்தின் வேகத்தை அறியும் ஆசை ராடாருக்கு வெகு முந்தியது. 1912-ல் வால்டர் ஜான்சன் என்ற புகழ்பெற்ற பிட்சரை, கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரில் இருந்த ஒரு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அழைத்துப் போய், தோட்டாவின் வேகத்தை அளக்கும் ஏற்பாட்டில் பந்து எறியச் சொன்னார்கள். நொடிக்கு 122 அடி என்று கணக்கு வந்தது. மணிக்கு 83 மைல். 1940-ல் பாப் ஃபெல்லர் என்ற இளைஞரின் பந்துக்கும் ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிளுக்கும் சிகாகோவின் லிங்கன் பார்க்கில் பந்தயமே நடத்தினார்கள். வண்டி 86 மைல் வேகத்தில் அவரைக் கடந்த நேரத்தில் அவர் பந்தை விட, பந்துதான் முதலில் இலக்கை அடைந்தது. 1946-ல் வாஷிங்டனில் ராணுவத்தின் கால அளவுக் கருவியைக் கொண்டு அளந்தபோது அதே ஃபெல்லரின் வேகம் 98.6 மைல் என்று பதிவாயிற்று.

இவையெல்லாம் திருவிழா வேடிக்கை போன்றவை. ஒவ்வொரு பந்தையும், ஒவ்வொரு பையனையும் அளக்கும் வழக்கத்துக்கு வித்திட்டது 1974. டேனி லிட்வைலர் என்பவர் அப்போது மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் கோச். இளமையில் பெரிய அணிகளில் ஆடியவர். 1942-ல் ஒரு பருவம் முழுவதும் ஒரு பிழையும் இல்லாமல் ஃபீல்டிங் செய்த சாதனையாளர். பல்கலைக்கழக வளாகத்தில் கார்களின் வேகத்தைப் பிடிக்கப் போலீசார் ராடார் துப்பாக்கி வைத்திருப்பதாக மாணவர் பத்திரிகையில் வந்த செய்தி அவர் கண்ணில் பட்டது. காரைப் பிடிக்கும் கருவி பந்தைப் பிடிக்காதா என்று இரவல் கேட்டுச் சோதித்துப் பார்த்தார். பிடித்தது. பந்தெறி இயந்திரங்கள் செய்துவந்த ஜக்ஸ் என்ற நிறுவனம் அவர் யோசனையைக் கேட்டு, பந்துக்கென்றே ஒரு துப்பாக்கியை 1975-ல் செய்துகொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் இளைஞர்களைத் தேடி ஊர் ஊராக அலையும் ஸ்கௌட்டுகள் அத்தனை பேர் கையிலும் அது வந்துவிட்டது. இன்று சட்டைப் பையில் அடங்கும் அளவிலும், கைப்பேசியோடு இணையும் விதத்திலும் கிடைக்கிறது. ஆதலால் அப்பாக்கள் கைக்கும் வந்துவிட்டது.

எண் எவ்வளவு மெய்?

கருவி பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதைப் புரிந்துகொள்ளாமல் எண்ணை நம்புவது ஆபத்து. மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பந்தை எங்கே அளந்தோம் என்பது. கையை விட்ட கணத்திலிருந்து காற்றின் தடையால் பந்து வேகம் இழந்துகொண்டே வரும். பெரியவர்கள் ஆட்டத்தில் 95 மைலில் புறப்பட்ட பந்து தட்டைத் தாண்டும்போது 87 மைல் அளவுக்கு வந்திருக்கும். பழைய நாட்களில் ஸ்கௌட்டுகள் இரண்டு வகைத் துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். ஒன்று கைக்குப் பக்கத்தில் வேகத்தைப் பிடிக்கும். மற்றது தட்டுக்குப் பக்கத்தில். ஒரே பந்துக்கு மூன்று நான்கு மைல் வித்தியாசம் வரும். ஒன்றுக்கு ‘வேகத் துப்பாக்கி’, மற்றதற்கு ‘மெதுத் துப்பாக்கி’ என்றே செல்லப் பெயர் இருந்தது. ஆகவே ஃபெல்லர் காலத்து எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல. ஃபெல்லரின் பந்து தட்டருகே அளக்கப்பட்டது. அமெரிக்கப் பெரிய லீகில் 2017 முதல் தொலைக்காட்சியில் காட்டப்படும் எண்ணோ கையை விட்ட இடத்து வேகம்.

இரண்டாவது, கோணம். பந்து வரும் பாதைக்கு நேர் எதிரே நின்றால்தான் முழு வேகம் தெரியும். பக்கவாட்டில் விலகினால் அந்தக் கோணத்தின் கோசைன் அளவுக்கு எண் குறையும். 10 டிகிரி விலகினால் நூற்றுக்கு ஒன்றரை பங்கு குறைவு. 20 டிகிரியில் ஆறு பங்கு. 30 டிகிரியில் பதின்மூன்றுக்கு மேல். பள்ளியில் திரிகோணமிதி எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். என் பேரனும் கேட்டான். மாப்பிள்ளையின் கருவியை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில், பந்து வரும் கோட்டிலேயே வலைக்குப் பின்னால் நின்று ஒரு தடவை, 20 டிகிரி விலகி நின்று ஒரு தடவை அளந்தேன். பையன் மெதுவாக, ஒரே சீராகப் பத்துப் பந்து எறிந்தான். நேரே நின்றபோது 50-ஐ ஒட்டி வந்த எண், பக்கத்திலிருந்து 47 ஆகிவிட்டது. “தாத்தா, நான் அதே மாதிரிதானே போட்டேன்?” என்றான். “நீ மாறவில்லையடா கண்ணா, நான் நின்ற இடம்தான் மாறிவிட்டது” என்றேன். அந்த ஒரு வாக்கியம் அவன் மனதில் நன்றாகவே பதிந்தது. யார்டில் ராடாரைத் தண்டவாளங்களுக்கு நடுவிலேயே பொருத்தி வேகனை நேர்முகமாகப் பார்க்க வைப்பதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது, தூரம். சிறுவர் ஆட்டத்தில் 60 மைல் என்றால் நமக்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் தூரம் 46 அடிதான். பந்து வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டால், அது பெரியவர்கள் தூரத்தில் 79 மைலுக்குச் சமம். பன்னிரண்டு வயதுப் பையன் 70 மைல் எறிந்தால் 92 மைலுக்குச் சமம். தொலைக்காட்சியில் சிறுவர் உலகப் போட்டி நடக்கும்போது இந்தச் ‘சம வேகத்தை’யும் சேர்த்துக் காட்டுவார்கள். எதிரே நிற்கும் பையனுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதை விளக்க அது நல்ல கணக்கு. ஆனால் எறிந்த பையனின் கை 92 மைல் எறியவில்லை. இந்த வேறுபாட்டைச் சில பெற்றோர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அதே 1974

லிட்வைலர் போலீஸ் துப்பாக்கியை இரவல் வாங்கிய அதே 1974-ல் இன்னொன்றும் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு இடது முழங்கையின் உட்புறத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் லிகமென்ட் என்ற நார் அறுந்துபோயிற்று. அதுவரை அப்படி அறுந்தால் பிட்சரின் வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தம். ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் வலது முன்கையிலிருந்து ஒரு நாரை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துத் தைத்தார். பிழைக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் டாக்டரே நினைத்திருந்தார். டாமி ஜான் 1976-ல் மைதானத்துக்குத் திரும்பி, 1989 வரை ஆடி, அறுவைக்குப் பின் மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். அந்த அறுவைச் சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டும், துப்பாக்கியும் அறுவைச் சிகிச்சையும், அண்ணன் தம்பி போலச் சேர்ந்தே வளர்ந்தன என்பதுதான் வருத்தமான செய்தி. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இவ்வகை அறுவைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2015-ல் வெளியாயிற்று. செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 15 முதல் 19 வயதுக்குள் இருந்தவர்கள். காசு வாங்கி ஆடும் வீரர்கள் அல்லர். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்.

காரணத்தை ஓர் எஞ்சினியர் மொழியில் சொல்கிறேன். கை முழு வீச்சில் பின்னால் சாய்ந்து முன்னே திரும்பும் கணத்தில் முழங்கையின் உட்புறத்தை ஒரு முறுக்கு விசை பிரித்து இழுக்கிறது. பெரிய பிட்சர்களிடம் அளந்த இந்த விசை, அந்த நார் தனியாகத் தாங்கக்கூடிய எல்லையை விட அதிகம். சுற்றியுள்ள தசைகள் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அறுந்துபோகாமல் இருக்கிறது. தசை களைத்துவிட்டால் சுமை முழுவதும் நாரின் மேல் விழும். ஒரு தூண் தளர்ந்தால் பாரம் பக்கத்துத் தூணுக்குப் போவதைப் பாலங்களில் பார்த்திருக்கிறோம்.

சிறுவர்களுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அவர்கள் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி பதின்பருவம் வரை இறுகாமல் இருக்கும். நாரை விட அந்த இடம் மென்மையானது. ஓயாமல் எறிந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான். ‘லிட்டில் லீக் முழங்கை’ என்று மருத்துவர்கள் 1960-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அதாவது துப்பாக்கி வருவதற்கு முன்பே இந்த நோய் உண்டு. துப்பாக்கியின் மீது எல்லாப் பழியையும் போடுவது நியாயமாகாது. ஆனால் ஏற்கெனவே இருந்த அவசரத்துக்கு அது ஓர் எண்ணைக் கொடுத்தது. எண் கிடைத்தால் ஒப்பிடாமல் இருக்க மனிதர்களால் முடிவதில்லை.

எண்ண வேண்டியது எது?

அலபாமா மாநிலம் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிலையத்தின் ஆய்வுகள் இந்தத் துறையில் பெரிதும் மதிக்கப்படுபவை. அறுவைக்கு ஆளான இளைஞர்களையும் ஆளாகாதவர்களையும் ஒப்பிட்டு 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் போட்டிகளில் எறிந்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 80 பந்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு நான்கு மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துவந்தவர்களுக்கு 36 மடங்கு! அதிக வேகத்தில் எறிந்தவர்களிடமும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. ஆனால் களைப்பின் பங்குக்கு அருகில் மற்றது எதுவும் வரவில்லை. அதே நிலையத்தார் 481 சிறுவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட முடிவு: ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்த பையனுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு.

1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய லிட்டில் லீக் அமைப்பு, 2007 முதல் ஆட்டத்துக்கு இத்தனை பந்துதான் என்று வரையறுத்துவிட்டது. 7, 8 வயதில் 50. 9, 10 வயதில் 75. 11, 12 வயதில் 85. 13 முதல் 16 வரை 95. ஓய்வுக்கும் கணக்கு உண்டு. 14 வயது வரை, ஒரே நாளில் 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. 51 முதல் 65 வரை மூன்று நாள். 36 முதல் 50 வரை இரண்டு நாள். 21 முதல் 35 வரை ஒரு நாள். 41 பந்து எறிந்த பையன் அன்று கேட்சராகவும் நிற்கக்கூடாது. ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவன். 2014-ல் அமெரிக்கப் பெரிய லீகும் தேசிய பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்ற பெயரில் எல்லா வயதினருக்கும் அறிவுரைகள் வகுத்தன.

விதி இருக்கிறதே, பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். ஒரே பையன் ஊர் லீகிலும் ஆடுவான். வெளியூர் போகும் அணியிலும் ஆடுவான். ஒருவர் எண்ணுவது மற்றவருக்குத் தெரியாது. பயிற்சியில் எறிவதை யாரும் எண்ணுவதில்லை. போதாக்குறைக்கு, பொருட்காட்சிகளில் காசு கட்டி ராடாருக்கு எதிரே பந்தெறியும் கூடாரம் ஒன்று இருக்கும். கையைச் சூடேற்றிக்கொள்ளாமல் முழு பலத்தோடு எறிவான். நண்பன் இரண்டு மைல் அதிகம் என்றால் இன்னும் ஐந்து டாலர் கொடுத்து மறுபடி எறிவான். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வீட்டில் ஒருவர்தான் இருக்க முடியும்.

மேலிடத்திலும் இது உணரப்படாமல் இல்லை. பெரிய லீக் 2024 டிசம்பரில் பிட்சர்களின் காயங்களைப் பற்றி நீண்ட அறிக்கை ஒன்று வெளியிட்டது. வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும் முக்கியக் காரணங்கள் என்று அது சொன்னது. நேர்வேகப் பந்தின் சராசரி 2008-ல் 91.3 மைலாக இருந்தது 2024-ல் 94.2 ஆகிவிட்டது. மேலே இருப்பவர்கள் எதற்கு விலை கொடுக்கிறார்களோ, கீழே இருக்கும் பிள்ளைகள் அதைத்தானே பழகுவார்கள்?

நம் நாட்டிலிருந்து இருவர்

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 2008-ல் அமெரிக்கர் ஒருவர் நம் நாட்டில் ராடார் துப்பாக்கியோடு ஊர் ஊராகப் போய் வேகமாகப் பந்தெறியும் இளைஞர்களைத் தேடும் போட்டி நடத்தினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எறிந்து பார்த்தார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிவு வீரர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் தேர்வானார்கள். பேஸ்பால் என்றால் என்ன என்றே அறியாத ரிங்கு 87 மைல் எறிந்து முதல் பரிசு பெற்றார். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அமைப்பு இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-ல் வெளியான ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ திரைப்படம் இவர்கள் கதைதான். இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். படம் சொல்லாத பகுதியும் உண்டு. ரிங்கு சிங் கீழ்நிலை லீகுகளில் சில ஆண்டுகள் உழைத்து முன்னேறிய பிறகு, 2013-ல் அவருக்கும் டாமி ஜான் அறுவை செய்ய வேண்டியதாயிற்று. மீண்டும் பழைய இடத்துக்கு வர முடியாமல் மல்யுத்தக் களத்துக்குப் போய்விட்டார். துப்பாக்கி அவர் கையின் வேகத்தைக் கண்டுபிடித்தது. அந்தக் கை எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லும் திறமை அதற்கு இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் பேஸ்பாலில் உண்டு. கிரெக் மேடக்ஸ் என்ற பிட்சர் பந்தின் வேகத்துக்காகப் பெயர் பெற்றவர் அல்லர். நினைத்த இடத்தில் பந்தை வைப்பார். அடிப்பவர் எதிர்பார்க்கும் வேகத்தைத் தர மாட்டார். 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சிறந்த பிட்சர் விருது பெற்று, மொத்தம் 355 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். அவர் கையிலிருந்த இரண்டு திறமைகளுக்கும் துப்பாக்கியில் எண் கிடையாது.

கருவியை எப்படிப் பயன்படுத்தலாம்?

துப்பாக்கியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் உருப்படியான வேலைகள் இரண்டு நடக்கும். பிட்சர் வேகப் பந்துக்கு நடுவே அதே கைவீச்சில் ஒரு மெதுவான பந்தைக் கலந்து எறிவார். இரண்டுக்கும் போதிய வித்தியாசம் இருக்கிறதா என்று துப்பாக்கி துல்லியமாகச் சொல்லும். இன்னொன்று, வழக்கமாக 58 எறியும் பையனின் எண் நான்காவது இன்னிங்ஸில் 54-க்கு இறங்கினால் அவன் கை களைத்துவிட்டது என்று பொருள். பையன் வாயால் ஒப்புக்கொள்ள மாட்டான்; எண் ஒப்புக்கொள்ளும். அப்போது கோச் அவனை உட்கார வைக்கலாம். எங்கள் யார்டு ராடாரைப் போல, அடக்குவதற்கு அளப்பது. பையன் பார்க்காத இடத்தில் இருந்து அளந்தால் இன்னும் நல்லது.

என் பேரனுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். ரயில்வேயில் எதற்கும் ஒரு ரிஜிஸ்டர் உண்டல்லவா? தேதி, எந்த அணி, போட்டியில் எறிந்த பந்துகள், பயிற்சியில் எறிந்த பந்துகள், அடுத்து எறியக்கூடிய நாள், வலி உண்டா இல்லையா. கடைசியில் வேகத்துக்கும் ஒரு பத்தி உண்டு. மாதம் ஒரு முறை நிரப்பினால் போதும். முதல் மாதம் முடிந்து இரண்டு அணிகளின் பந்துகளையும் கூட்டிப் பார்த்தபோது என் மகளும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அணியும் விதிக்கு உட்பட்டே நடந்திருந்தது. ஆனால் பையனுக்குக் கிடைத்த ஓய்வு நாட்கள் விதியில் பாதிகூட இல்லை. அடுத்த வாரமே வெளியூர் அணியில் அவன் பந்தெறிவதை நிறுத்திவிட்டார்கள். அங்கே அவன் இப்போது முதல் பேஸில் நிற்கிறான். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

நாமெல்லாம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் மார்க்கு என்ன, ரேங்க் என்ன என்று கேட்டே பழகியவர்கள். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு அந்தக் கவலை இயல்பு. அங்கே போன நம் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளிடம் கேட்பதும் அதேதான். மார்க்குக்குப் பதில் மைல். அடுத்த ஞாயிறன்று போனில் பேரனோ பேத்தியோ பேச வரும்போது, “எவ்வளவு வேகம் போட்டாய்?” என்று கேட்க வேண்டாம். “எத்தனை பந்து போட்டாய்? கை வலிக்கிறதா?” என்று கேட்போம். வலிக்கிறது என்று சொன்னால், ஆட்டம் எத்தனை முக்கியமானதானாலும் பையனை உட்கார வைத்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வேகம் பதினெட்டு வயதிலும் வரும்.